குளத்தின் மண்கரையைச் சோதிப்பது எப்படி?

நிலத்தோடு சேர்த்து ஒரு சின்ன மண் அணையும் குளமும் உங்கள் கைக்கு வந்திருக்கிறதா? கரைமேல் நின்று தண்ணீரை ரசித்தது போதும், இறங்கி கரையின் முதுகுப் பக்கம், அதாவது தண்ணீர் இல்லாத வெளிப்பக்கம் வாருங்கள். ஒரு தடி, ஒரு வாளி, ஒரு கண்ணாடி பாட்டில், ஒரு நோட்டு போதும். குளம் நிரம்பியிருக்கும் நாளாகப் பாருங்கள்.

1. முதலில் புல்லைக் கட்டையாக வெட்டுங்கள். இடுப்பளவு புல்லில் எலி வளையும் தெரியாது, ஈரமும் தெரியாது. வேரோடு பிடுங்கிவிடாதீர்கள், மண்ணைப் பிடித்து வைத்திருப்பதே அதுதான்.

2. கரையின் உச்சியில் நடந்து போங்கள். எங்காவது பள்ளமாக இருந்தால் பெருமழையில் தண்ணீர் முதலில் வழிவது அங்கேதான். அப்புறம் வெடிப்புகள். வெயிலில் காய்ந்து வலைபோல் விழுபவை பெரும்பாலும் மேலோட்டமானவை. கரையின் நீளவாக்கில் ஓடி, ஒரு பக்கம் இறங்கியிருந்தால் சரிவு நழுவ ஆரம்பித்துவிட்டது. குறுக்கே வெட்டும் வெடிப்பு தண்ணீருக்கு வழி விடும்.

3. இனி கரையடி. அவசரப்படாமல் பார்க்க வேண்டிய இடம் இது. மண்கரை என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும், பயப்பட வேண்டாம். கசிவை ஒரு குழாய்த் துண்டு வழியாக ஓடவிட்டு, வாளி நிரம்ப எத்தனை நொடி ஆகிறது என்று எழுதுங்கள். கூடவே அன்றைய நீர்மட்டத்தையும் குறியுங்கள். மட்டம் ஏறினால் கசிவும் ஏறும். மட்டம் ஏறாமலே கசிவு கூடினால் யோசிக்க வேண்டும். பாட்டிலில் பிடித்து அசையாமல் வையுங்கள். அடியில் வண்டல் தங்கினால் கரை உள்ளிருந்து கரைகிறது. 1976 ஜூன் 5 அன்று அமெரிக்காவின் டீட்டன் மண் அணையில் காலையில் கலங்கல் கசிவு தெரிந்தது. நண்பகலுக்குள் அணை உடைந்தது. அது மாபெரும் அணை, ஆனால் மண் அரிக்கும் விதம் ஒன்றுதான். கலங்கல் கண்டால் கீழே இருப்பவர்களை எச்சரித்துவிட்டு, நீரை இறக்கத் தொடங்கி, பொறியாளரைக் கூப்பிடுங்கள். களிமண்ணால் வெளிப்பக்கத்தில் அடைக்க வேண்டாம், தண்ணீர் வேறு இடத்தில் பிய்த்துக்கொள்ளும்.

சாதாரண நாளில் நீரை மெதுவாகத்தான் இறக்க வேண்டும். சட்டென இறக்கினால் ஊறிய உட்சரிவு சரிந்து விழும்.

4. மதகுக் குழாய் வெளியே வரும் இடத்தில் சுற்றியுள்ள மண் ஊறி இளகியிருக்கிறதா என்று தடியால் குத்திப் பாருங்கள். குழாயை ஒட்டியே தண்ணீர் வழி தேடும்.

5. கரையில் முளைக்கும் கன்றுகளை இப்போதே வெட்டுங்கள். பெரிய மரமாக இருந்தால் நீங்களாக வெட்டிப் போட்டுவிடாதீர்கள். வேர் மட்கினால் அந்தப் பொந்து வழியாகவே நீர் போகும்.

6. கடைசியாகக் கலிங்கு, அதாவது குளம் நிரம்பினால் மிஞ்சிய நீர் வெளியேறும் வழி. மீன் தப்பாமலிருக்க வலை கட்டுவது பலருக்கும் வழக்கம். சருகு அடைத்து, மழை இரவில் தண்ணீர் கரைமேல் ஏறிவிடும். வலையை இன்றே கழற்றுங்கள், நாலு மீன் போனால் போகட்டும்.