எம்.எல்.ஏ.விடம் சாலை மனு கொடுக்கிறீர்களா? இப்படிக் கொடுங்கள்

ஒரு சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி அலுவலகத்தில் மனு வாங்கிப் பதிகிற மேஜையில் உட்கார்ந்திருந்தவன் நான். ஊர் பெரம்பலூர் பக்கம். சென்னை–திருச்சி நான்குவழிச் சாலை எங்கள் மாவட்டத்தைக் குறுக்கே பிளந்துகொண்டு போகிறது. அதனால் முதியோர் உதவித்தொகை, பட்டா இந்த இரண்டுக்கும் அடுத்தபடி வருகிற மனு சாலை பற்றித்தான்.

பெரும்பாலான மனு ஒரே அச்சில் இருக்கும். "எங்கள் ஊர் அருகே அடிக்கடி விபத்து நடப்பதால் தக்க நடவடிக்கை எடுக்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்." கீழே இரண்டு பக்கத்துக்குக் கையெழுத்தும் கைநாட்டும். எம்.எல்.ஏ. அதன் ஓரத்தில் "மாவட்ட ஆட்சியர், தக்க நடவடிக்கைக்கு" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். ஆட்சியர் அலுவலகம் அதை ஒரு துறைக்குத் தள்ளும். அந்தத் துறை "மேற்படி சாலை இத்துறையின் பராமரிப்பில் இல்லை" என்று ஒரு வரியில் முடித்துவிடும். இதில் யாரும் கெட்ட எண்ணத்தோடு நடந்துகொள்ளவில்லை. எந்தச் சாலை, எந்த இடம், என்ன வேண்டும் என்று தாளில் இல்லை, அவ்வளவுதான்.

சட்டமன்றத்தில் ஒரு துணைக்கேள்வி கேட்க உறுப்பினருக்குக் கிடைப்பது அரை நிமிஷம், நல்ல நாளாக இருந்தால் ஒரு நிமிஷம். அதற்குள் படித்து முடிக்கிற மாதிரி உங்கள் தாள் இருந்தால் அவர் அதைப் பேசுவார். இல்லாவிட்டால் அது கட்டோடு கட்டாகக் கிடக்கும்.

முதலில், சாலை யாருடையது?

கிலோமீட்டர் கல்லைப் பாருங்கள். தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை. பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. கறுப்பு அல்லது நீலம் என்றால் மாவட்டச் சாலை. ஆரஞ்சு என்றால் கிராமச் சாலை. வர்ணம் உதிர்ந்துபோயிருந்தால் சாலையோரம் புதர் வெட்டுகிற சாலைப் பணியாளரைக் கேளுங்கள், அவருக்குக் கண்டிப்பாகத் தெரியும். கல்லில் உள்ள எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். "மாரியம்மன் கோவில் வளைவு" என்று எழுதினால் அந்தப் பெயரில் தொகுதிக்குள் எத்தனையோ வளைவு இருக்கும். "கி.மீ. 14/6" என்று எழுதினால் ஒன்றுதான்.

மாநில நெடுஞ்சாலைகளும் மாவட்டச் சாலைகளும் நெடுஞ்சாலைத் துறையின் கோட்டப் பொறியாளர் கையில் இருக்கின்றன. ஊராட்சி, ஒன்றியச் சாலை என்றால் வட்டார வளர்ச்சி அலுவலர். பேரூராட்சி, நகராட்சிக்குள் இருந்தால் அங்கே உள்ள செயல் அலுவலர் அல்லது ஆணையர். தேசிய நெடுஞ்சாலையிலும் இரண்டு வகை உண்டு. சிலவற்றை மாநிலத் துறையின் தேசிய நெடுஞ்சாலைப் பிரிவு பார்க்கிறது. சுங்கச்சாவடி உள்ள சாலையைப் பெரும்பாலும் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் பார்க்கிறது, அதற்குத் திட்ட இயக்குநர் என்று ஒருவர் இருப்பார். ஓரத்தில் போகிற சர்வீஸ் ரோடும் அந்த ஆணையத்தின் கணக்கில்தான். நம் ஊர் ஆடு மாடு அதில் போகிறது என்பதற்காக அது பஞ்சாயத்துச் சாலை ஆகிவிடாது.

ஆணையத்தின் சாலை என்றால் எம்.எல்.ஏ.வோடு எம்.பி.க்கும் ஒரு நகல் கட்டாயம் கொடுங்கள். மாநில அமைச்சர் அதற்குச் சபையில் "ஒன்றிய அரசின் கவனத்துக்குக் கொண்டுசெல்லப்படும்" என்று மட்டும்தான் சொல்ல முடியும். எம்.பி. தலைமையில் திஷா என்ற மாவட்ட வளர்ச்சிக் கண்காணிப்புக் குழு கூடும். திட்ட இயக்குநரை நேருக்கு நேர் உட்காரவைத்துக் கேட்க அது நல்ல இடம்.

ஆதாரம்

2022இல் தமிழகத்தில் 64,105 சாலை விபத்துகள், 17,884 பேர் இறந்தார்கள். விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே நாம்தான் முதல். இதை மனுவில் எழுதாதீர்கள். அதிகாரிக்கு இது தெரியும். அவருக்குத் தெரியாதது உங்கள் அரை கிலோமீட்டரின் கணக்கு.

அரை கிலோமீட்டர் என்று சும்மா சொல்லவில்லை. தேசிய நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 500 மீட்டர் நீளத்துக்குள், மூன்று வருஷத்தில் உயிரிழப்போ கொடுங்காயமோ ஏற்பட்ட 5 விபத்துகள் நடந்திருந்தால், அல்லது 10 பேர் இறந்திருந்தால், அது விபத்துக் கரும்புள்ளி. அந்தப் பட்டியலில் ஓர் இடம் ஏறிவிட்டால் அதைச் சரிசெய்ய நிதி கேட்பது துறைக்குச் சுலபம். ஆகவே உங்கள் இடம் அந்தக் கணக்குக்குள் வருகிறதா என்று பாருங்கள்.

அதற்கு வழி, தகவல் உரிமைச் சட்டம். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மாவட்டக் காவல் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். "விபத்து விவரம் தேவை" என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். இன்ன காவல் நிலைய எல்லை, இன்ன கிலோமீட்டரிலிருந்து இன்ன கிலோமீட்டர் வரை, கடந்த மூன்று வருஷம், வழக்கு எண், தேதி, நேரம், இறந்தவர் எத்தனை, காயமடைந்தவர் எத்தனை. இவ்வளவு போதும். பெயர் விவரம் கேட்டால் தனிநபர் தகவல் என்று நிராகரிக்க ஒரு காரணம் கிடைத்துவிடும்.

நேரம் ரொம்ப முக்கியம். எங்களிடம் வந்த ஒரு மனுவில் ஊர்க்காரர்கள் வேகத்தடை கேட்டிருந்தார்கள். காவல்துறைக் கணக்கை வாங்கிப் பார்த்தால் ஏறக்குறைய எல்லா விபத்தும் இரவு ஏழு மணிக்கு மேல். அந்த இடத்தில் விளக்கே இல்லை. அவர்களுக்குத் தேவைப்பட்டது உயர்கோபுர மின்விளக்கு.

வழக்குப் பதியாத விபத்தும் நிறைய உண்டு. பைக் சறுக்கி விழுந்தவர் எழுந்து, ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். அதற்கு ஒரு நோட்டு போடுங்கள். முக்குரோட்டு டீக்கடையில் வைத்தால் போதும். தேதி, நேரம், என்ன வண்டி, எப்படி விழுந்தார். இது சட்டப்படி ஆதாரம் ஆகாது, ஆனால் இடத்தைப் பார்க்க வருகிற உதவிப் பொறியாளர் அதைப் புரட்டிப் பார்ப்பார். நான் பார்த்திருக்கிறேன்.

படம் எடுத்தால் காலை எட்டரை மணிக்கு, பள்ளிப் பிள்ளைகள் கடக்கும்போது எடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வெறும் ரோட்டை எடுத்துக்கொண்டு வந்து கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், அதைப் பார்த்தால் சாலை நன்றாகத்தானே இருக்கிறது என்று தோன்றும்.

என்ன கேட்க வேண்டும்

எல்லோரும் கேட்பது வேகத்தடை. தேசிய நெடுஞ்சாலையில் வேகத்தடை போடுவதில்லை என்பது ஒன்றிய அமைச்சகத்தின் கொள்கை. கேட்டால் மறுப்பு வரும், உங்கள் மனு அங்கேயே முடிந்துவிடும். மற்ற சாலைகளில் போடலாம், ஆனால் அளவு இருக்கிறது: இந்தியச் சாலைக் காங்கிரஸ் வழிகாட்டுதலில் சொல்லப்படுகிற வழக்கமான அளவு 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். வெள்ளைக் கோடும் முன்கூட்டியே எச்சரிக்கைப் பலகையும் வேண்டும். நம் ஊர்களில் ராத்திரியோடு ராத்திரியாக ஜல்லியைக் கொட்டிப் போடுகிற மேடு இதில் சேராது. அதில் பின்சீட்டில் உட்கார்ந்து போகிற பெண்கள்தான் தூக்கியெறியப்பட்டு விழுகிறார்கள்.

வேறு என்னவெல்லாம் கேட்கலாம்? வளைவில் பார்வையை மறைக்கிற சீமைக்கருவேலத்தை வெட்டுவது, இருக்கிற விஷயத்திலேயே மலிவானது, ஒரே நாளில் முடியும். அதை யாருமே கேட்பதில்லை. ஒளிரும் சிவப்பு விளக்கு, ஒளியைப் பிரதிபலிக்கும் பட்டை, சென்டர் மீடியனில் தேவையில்லாத இடைவெளியை மூடுவது, பேருந்து நிறுத்தத்தை முக்கிலிருந்து கொஞ்சம் தள்ளி வைப்பது, சாலை ஓரத்து மண் பள்ளத்தை நிரப்புவது. சித்திரையில் சமயபுரத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் இரவில் நடக்கிற சாலை என்றால், அந்த வாரத்துக்கு மட்டும் போலீஸ் ரோந்தும் தற்காலிக விளக்கும் கேட்கலாம். சுரங்கப்பாதை, மேம்பாலம் எல்லாம் பெரிய வேலை, பல வருஷம் ஆகும். அதையும் கேளுங்கள், ஆனால் தனி மனுவாக. சின்ன வேலையோடு சேர்த்து எழுதினால் சின்னதும் பெரியதுக்காகக் காத்துக்கிடக்கும்.

விளக்கு கேட்கும்போது ஒரு சிக்கல். கம்பத்தை யாராவது நட்டுவிடுவார்கள். கரண்ட் பில்லை யார் கட்டுவது என்பதில்தான் எரியாமல் நிற்கும். "மின்கட்டணத்தை ஊராட்சி ஏற்கும்" என்று கிராம சபைத் தீர்மானம் போட்டு இணைத்துவிடுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்தில் ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. தலைவர் இருந்தாலும் தனி அலுவலர் இருந்தாலும் கூட்டம் உண்டு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் மக்காச்சோளம் அதிகம். அறுவடை முடிந்தால் சர்வீஸ் ரோடு முழுக்க மஞ்சளாக இருக்கும். காயப்போட்ட சோளத்தில் பைக் சறுக்கும், அதைச் சுற்றிப் போக வண்டிகள் எதிர்த்திசையில் ஏறும், காற்றில் பறக்காமல் இருக்க வைத்த கல்லை அப்படியே விட்டுவிட்டுப் போவார்கள். "விவசாயிகள் மீது நடவடிக்கை எடுங்கள்" என்று ஒரு மனு வரும், "போலீஸ் தொந்தரவு செய்கிறது" என்று அதே ஊரிலிருந்து இன்னொரு மனு வரும். இரண்டையும் வைத்துக்கொண்டு எந்த எம்.எல்.ஏ.வாலும் பேச முடியாது, இரண்டு பக்கமும் ஓட்டு இருக்கிறது. கேட்க வேண்டியது உலர்களம். புறம்போக்கு நிலம் எங்கே இருக்கிறது என்று வி.ஏ.ஓ.விடம் கேட்டு, சர்வே எண்ணோடு மனு கொடுங்கள். எம்.எல்.ஏ.வுக்குத் தொகுதி மேம்பாட்டு நிதி வருஷத்துக்கு 3 கோடி இருக்கிறது. களமும் நிழற்குடையும் உயர்கோபுர விளக்கும் அவர் கைக்கு எட்டுகிற வேலைகள்.

தாள்

ஒரு பக்கம் போதும். இப்படி இருக்கலாம்:

"பொருள்: மாவட்டச் சாலை, கி.மீ. 14/6, அரசு மேல்நிலைப் பள்ளி வளைவு – புதர் அகற்றி ஒளிரும் விளக்கு அமைக்கக் கோருதல். கடந்த மூன்று ஆண்டுகளில் இவ்விடத்தில் 6 விபத்துகள், 3 உயிரிழப்புகள் (காவல்துறைத் தகவல் இணைப்பு 1). நான்கு விபத்துகள் இரவில். தினமும் இரு வேளை மாணவர்கள் இங்கே சாலையைக் கடக்கிறார்கள் (படம் இணைப்பு 2). கிராம சபைத் தீர்மானம் இணைப்பு 3. கோரிக்கை: ஒன்று, வளைவின் உட்புறக் கருவேலம் அகற்றுதல். இரண்டு, ஒளிரும் எச்சரிக்கை விளக்கு."

இதில் உள்ள எண்கள் மாதிரிக்காக, உங்கள் எண்ணை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். "ஈவு இரக்கமற்ற", "கண்டும் காணாத" போன்ற சொற்கள் வேண்டாம். பொறியாளர் கோபப்படுவார் என்பதற்காகச் சொல்லவில்லை. அவை உறுப்பினர் படிக்கிற அரை நிமிஷத்தில் பத்து வினாடியைத் தின்றுவிடும்.

தாளை எம்.எல்.ஏ. கையில் கொடுப்பதைவிட அவருடைய பி.ஏ.விடம் கொடுத்து, பதிவேட்டில் ஏறிய எண்ணை வாங்குவது நல்லது. கல்யாண வீட்டு வாசலில் கொடுத்த மனு சட்டைப்பையிலேயே வெளுக்கப் போய்விடும். இன்னொரு நகலைத் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தின் மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்து ரசீது வாங்குங்கள். அந்த எண்ணையும் எம்.எல்.ஏ. ஆபீசுக்குத் தெரிவியுங்கள், அப்போதுதான் அவர் "இன்ன மனு என்ன ஆனது" என்று கேட்க முடியும்.

அவர் எங்கே பேசலாம்

சட்டமன்றத்தில் வினா நேரத்தில் "அமைச்சர் அவர்கள் முன்வருவாரா என்பதைத் தங்கள் வாயிலாக அறிய விரும்புகிறேன்" என்று கேட்பதை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். கவன ஈர்ப்பு இருக்கிறது, நெடுஞ்சாலைத் துறை மானியக் கோரிக்கை, அதாவது அந்தத் துறையின் செலவுக்குச் சபையில் ஒப்புதல் கேட்கிற விவாதம் இருக்கிறது. ஆளுங்கட்சிக்காரர் அமைச்சரைத் தனியாகப் பார்த்தும் சொல்லலாம், எதிர்க்கட்சிக்காரர் சபையில் சத்தமாகக் கேட்பார். எதிர்க்கட்சி எம்.எல்.ஏ.விடம் கொடுத்து என்ன பயன் என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று: 2022 ஆகஸ்டில் அப்போது முதல்வராக இருந்த மு.க.ஸ்டாலின் எழுதிய கடிதத்தில் 234 தொகுதி உறுப்பினர்களிடமும்தான் பத்து முக்கியக் கோரிக்கைகளைக் கேட்டிருந்தார்.

ஆனால் புதர், விளக்கு, பலகை மாதிரி வேலைக்கு நான் சட்டமன்றத்தைவிட நம்புவது மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவை. கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் எஸ்.ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில்தான், எல்லா மாவட்டத்திலும் இந்தக் குழு இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2017 நவம்பரில் உத்தரவிட்டது. ஆட்சியர் தலைமையில் போலீஸ், நெடுஞ்சாலை, ஆர்.டி.ஓ. எல்லோரும் ஒரே மேஜையில் உட்காருகிறார்கள். அங்கே "எங்கள் சாலை இல்லை" என்று சொன்னால் யாருடையது என்று அங்கேயே தெரிந்துவிடும். எம்.எல்.ஏ.விடம் "இதை அடுத்த கூட்டத்தின் பொருள்பட்டியலில் சேர்க்க ஆட்சியருக்கு ஒரு கடிதம் தாருங்கள்" என்று கேளுங்கள். இப்படிக் குறிப்பாகக் கேட்டால் மறுக்கிறவர் குறைவு.

சாலையில் உயிர் போனவுடன் மறியல் நடக்கும். அதைத் தவறு என்று சொல்ல எனக்கு வாய் வராது. தாசில்தாரும் டி.எஸ்.பி.யும் வந்து "பத்து நாளில் செய்கிறோம்" என்பார்கள், கூட்டம் கலையும். கலைவதற்கு முன்னால் அதை ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்து வாங்குங்கள். அந்தத் தாளின் நகல் எம்.எல்.ஏ.வுக்குக் கிடைத்தால் அவர் அதிகாரியிடம் பேச அதுவே போதும். வாங்காமல் கலைந்தால் மிச்சமாவது இளைஞர்கள் மீதான வழக்கு மட்டும்.

பதில் வந்த பிறகு

"கருத்துரு (மேலிடத்துக்கு அனுப்புகிற முன்மொழிவு) அனுப்பப்பட்டுள்ளது" என்று வந்தால் கோப்பு நகர்ந்திருக்கிறது. கருத்துருவின் எண்ணும் தேதியும் கேளுங்கள். "நிதி ஒதுக்கீடு பெறப்பட்டவுடன்" என்றால் மதிப்பீடு தயாராக இருக்கலாம். தொகையைத் தெரிந்துகொண்டு, சிறியதாக இருந்தால் தொகுதி நிதியில் முடியுமா என்று எம்.எல்.ஏ.விடம் திரும்பப் போங்கள். "பரிசீலனையில் உள்ளது" என்றால் ஒன்றும் நடக்கவில்லை. "தேவை எழவில்லை" என்று வந்தால் இடத்தைப் பார்வையிட்டது யார், எந்தத் தேதியில் என்று தகவல் உரிமையில் கேளுங்கள். பல தடவை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள், கேள்வி போனதும் ஜீப் வரும்.

எப்போது கொடுப்பது என்றால், பொங்கல் முடிந்த கையோடு. பட்ஜெட்டும் அதை ஒட்டி மானியக் கோரிக்கைகளும் வருவதற்கு முன் தாள் அவர் மேஜையில் இருக்க வேண்டும். தேர்தல் வருகிற வருஷம் என்றால் அதற்கும் பல மாதம் முன்னாலேயே கொடுத்துவிடுங்கள். நடத்தை விதிமுறை அமலுக்கு வந்துவிட்டால் புது வேலை எதையும் தொடங்க மாட்டார்கள், ஏற்கெனவே தொடங்கிய வேலை மட்டும்தான் நடக்கும்.