எல்லையோர வாசகசாலையில் அமெரிக்க விளையாட்டு வரலாற்றை எடுத்துச் சொல்லும் முறை

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் போன்ற ஊர்களில் வாழும் தமிழர்களுக்குக் கால்பந்தும் கிரிக்கெட்டும் விளக்கம் தேவைப்படாத விளையாட்டுகள். ஆனால் அமெரிக்காவில் வேலை பார்க்கும் உறவினர்கள் தொலைபேசியில் பேசும்போது குறிப்பிடும் பேஸ்பாலும் அமெரிக்கக் கால்பந்தும் அப்படிப்பட்டவை அல்ல. அந்த விளையாட்டுகளின் புகழ்பெற்ற தருணங்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஊர் வாசகசாலையில் திரையிட்டு விளக்க விரும்புவோருக்காக இந்தக் குறிப்பு எழுதப்படுகிறது.

இத்தகைய காட்சிகள் பெரும்பாலும் அரை நிமிடத்திற்குள் முடிந்துவிடுகின்றன. முன்தயாரிப்பு இல்லாமல் திரையிட்டால், யாரோ ஓடுகிறார்கள், யாரோ கத்துகிறார்கள் என்பதற்கு மேல் எதுவும் விளங்காது. எனவே ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் கரும்பலகையில் மூன்று செய்திகளை எழுத வேண்டும்: அந்த நொடியில் யார் முன்னிலையில் இருந்தார்கள், எவ்வளவு நேரம் மீதம் இருந்தது, அந்தக் காட்சியைப் புரிந்துகொள்ளத் தேவையான ஒரே ஒரு விதி எது. முழு விதிப் புத்தகத்தையும் விளக்கத் தொடங்கினால் கூட்டம் தேநீர்க் கடைக்குக் கிளம்பிவிடும். ஒரு விதிக்கு மேல் தேவைப்படும் காட்சியை, அது எவ்வளவு புகழ்பெற்றதாக இருந்தாலும், முதல் மாலையில் சேர்க்காமல் இருப்பதே நல்லது.

தொடக்கத்திற்கு மிகப் பொருத்தமானது 1982ஆம் ஆண்டு நவம்பர் 20 அன்று பெர்க்லி நகரில் கலிபோர்னியா, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக அணிகளுக்கு இடையே நடந்த அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தின் கடைசி 4 நொடிகள். இந்த விளையாட்டில் பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டு, பலகையில் ஸ்டான்ஃபோர்டு 20, கலிபோர்னியா 19 என்று எழுதுங்கள். ஸ்டான்ஃபோர்டு அப்போதுதான் புள்ளி எடுத்திருந்ததால் அவர்கள் பந்தை எதிரணிக்கு உதைத்துத் தர வேண்டும். பந்தைப் பிடித்தவர் ஓடலாம், பின்பக்கமாக எத்தனை முறை வேண்டுமானாலும் தோழருக்குக் கைமாற்றலாம். ஓடுபவரை வீழ்த்தும் வரை, கடிகாரம் நின்றுவிட்டாலும் ஆட்டம் முடியாது. நேரம் முடிந்தாலும் தொடங்கிய ரெய்டு முடியும் வரை ஆட அனுமதிக்கும் கபடி விதியை அறிந்தவர்களுக்கு இதை இரண்டாவது முறை சொல்லத் தேவையிருக்காது. கெவின் மோயன் பந்தை எடுத்தார். அது ஐந்து முறை கைமாறி மீண்டும் அவரிடமே வந்து சேர்ந்தது. ஆட்டம் முடிந்துவிட்டது என்று எண்ணிய ஸ்டான்ஃபோர்டு இசைக்குழுவினர் அதற்குள் மைதானத்தில் இறங்கியிருந்தார்கள். மோயன் அவர்களுக்குள் புகுந்து ஓடி எல்லையைக் கடந்ததோடு, அங்கு நின்ற டிராம்போன் வாசிப்பவர் ஒருவர்மீது மோதி அவரைக் கீழே தள்ளினார். நடுவர்கள் கூடிப் பேசி, புள்ளி செல்லும் என்று அறிவித்தார்கள், முடிவு 25-20. இடையில் ஒருவரின் முழங்கால் தரையைத் தொட்டதா, கடைசிக் கைமாற்றம் முன்பக்கமாகப் போனதா என்று இன்றும் வாதிடுகிறார்கள். அதனால் இந்தக் காட்சியை இரண்டு முறை ஓட்டுங்கள்: முதல் முறை வேடிக்கைக்காக, இரண்டாம் முறை பந்தை மட்டும் கவனிப்பதற்காக.

அடுத்ததாகக் கூடைப்பந்துக்கு வரலாம். கேரளத்துக் கல்லூரிகளில் படித்தவர்களுக்கு அது பழகிய ஆட்டமே. 1992ஆம் ஆண்டு மார்ச் 28 அன்று ஃபிலடெல்ஃபியாவில் டியூக், கென்டக்கி பல்கலைக்கழகங்கள் மோதின. தோற்ற அணி வீட்டுக்குப் போக வேண்டிய தேசிய கல்லூரிப் போட்டி அது; கூடுதல் நேரத்தில் 2.1 நொடிகள் மீதம் இருக்க, கென்டக்கி 103-102 என்று முன்னிலையில் இருந்தது. இங்கு சொல்ல வேண்டிய விதி, எல்லைக்கோட்டுக்கு வெளியிலிருந்து வீசப்படும் பந்தை உள்ளே இருப்பவர் தொட்ட பிறகே கடிகாரம் ஓடத் தொடங்கும் என்பதுதான். இதைச் சொல்லாவிட்டால் இவ்வளவு நேரத்தில் இதெல்லாம் நடக்குமா என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி நியாயமானதே. பந்தை வீசிய கிராண்ட் ஹில்லின் முன்னால் கென்டக்கி யாரையும் நிறுத்தவில்லை. அவர் ஏறக்குறைய 75 அடி தூரம் எறிந்த பந்தைக் கிறிஸ்டியன் லேட்னர் பிடித்து, ஒரு முறை தரையில் தட்டி, திரும்பி எறிந்து கூடைக்குள் போட்டார். அன்று அவர் கூடையை நோக்கி எறிந்த 10 எறிதல்களும், தண்டனை எறிதல்கள் 10-உம் தவறாமல் உள்ளே விழுந்தன. அதே ஆட்டத்தில் கீழே கிடந்த எதிரணி வீரரின் மார்பில் அவர் கால் வைத்ததையும், அதற்கு நடுவர் தண்டனை தந்தபோதும் அவர் களத்தில் நீடிக்க முடிந்ததையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். கென்டக்கி மக்கள் இன்னும் மறக்காத செய்தி அது.

பேஸ்பாலை விளக்குவதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். கிரிக்கெட்டோடு ஒவ்வொன்றையும் ஒப்பிட்டுக்கொண்டே போவது உதவுவதைவிடக் குழப்புவதே அதிகம். 1988ஆம் ஆண்டு அக்டோபர் 15 அன்று லாஸ் ஏஞ்சலிஸில், உலகத் தொடர் எனப்படும் பேஸ்பால் இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தில், டாட்ஜர்ஸ் அணியின் கிர்க் கிப்சன் அடித்த அடிக்கு, வேலியைத் தாண்டி அடித்தால் அடித்தவரும் களத்தில் நிற்கும் அவருடைய தோழரும் ஓட்டம் பெறுவார்கள் என்பதை மட்டும் சொன்னால் போதும். இரண்டு கால்களிலும் காயம் இருந்ததால் கிப்சன் அன்று ஆடுவார் என்றே யாரும் எதிர்பார்க்கவில்லை. கடைசி இன்னிங்ஸில் ஓக்லாண்ட் 4-3 என்று முன்னிலை. டாட்ஜர்ஸ் அணிக்கு இன்னும் ஒருவர் ஆட்டமிழந்தால் தோல்வி. பந்து வீசியவர் அக்காலத்தின் தலைசிறந்த முடிப்பாளர்களில் (முன்னிலையைக் காக்கக் கடைசியில் பந்து வீச வருபவர்களில்) ஒருவரான டென்னிஸ் எக்கர்ஸ்லி. நொண்டியபடி வந்த கிப்சன் ஏறக்குறைய கைகளின் வலுவால் மட்டுமே பந்தை வேலிக்கு வெளியே அனுப்பினார். டாட்ஜர்ஸ் 5-4 என வென்றது. அந்தத் தொடரில் அவர் மட்டை பிடித்தது அந்த ஒரு முறைதான். காட்சியைத் திரையிடும்போது அடியோடு நிறுத்திவிடாமல், அவர் நான்கு முனைகளையும் நொண்டிக்கொண்டே சுற்றி வருவதை முழுமையாகக் காட்ட வேண்டும். அவர் எந்த நிலையில் அடித்தார் என்பது அப்போதுதான் தெரியும்.

காட்சிப்பதிவே இல்லாத தருணங்களையும் விட்டுவிடக் கூடாது. 1962ஆம் ஆண்டு மார்ச் 2 அன்று பென்சில்வேனியாவின் ஹெர்ஷி என்னும் சிறு நகரில் கூடைப்பந்து வீரர் வில்ட் சேம்பர்லின் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகள் எடுத்தார். ஃபிலடெல்ஃபியா அணி நியூயார்க்கை 169-147 என்று வென்றது. அந்த ஆட்டத்தைத் தொலைக்காட்சி காட்டவில்லை. கடைசிப் பகுதியின் வானொலி வர்ணனையும், 100 என்று எழுதிய தாளை அவர் பிடித்திருக்கும் புகைப்படமுமே நமக்கு மிஞ்சியவை. நேர்முக வர்ணனை கேட்டு வளர்ந்த பெரியவர்கள் இங்கு ஏராளம். விளக்கை அணைக்காமல், திரையைப் போடாமல், ஒலியை மட்டும் ஓடவிட்டு, வர்ணனையாளர் சொல்லும் எண்ணிக்கையை ஒருவர் பலகையில் எழுதிக்கொண்டே வந்தால் அது தனி அனுபவமாக அமையும்.

ஓர் ஆட்டத்தின் சிறப்பு அடித்த பந்தில் இல்லாமலும் இருக்கலாம். 1947ஆம் ஆண்டு ஏப்ரல் 15 அன்று புரூக்ளினின் எபெட்ஸ் மைதானத்தில் ஜாக்கி ராபின்சன் களமிறங்கினார். ஏறக்குறைய 60 ஆண்டுகளாகக் கறுப்பின வீரர்களுக்கு மூடியிருந்த முதல்நிலை பேஸ்பால் அன்று திறந்தது. அன்று அவர் அடித்த பந்து எதுவும் முறையான வெற்றி அடியாகக் கணக்கில் சேரவில்லை என்பதால், அந்த நாளின் ஆட்டத்தை மட்டும் பார்த்தால் அதில் விசேஷம் எதுவும் தெரியாது. கல்பாத்தி அக்கிரகாரத் தெருவில் நடப்பதற்காகவே 1920களில் போராட வேண்டியிருந்த மாவட்டத்தில், ஒரு மனிதர் மைதானத்தில் கால் வைத்தது ஏன் வரலாறு ஆனது என்பதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. அவருடைய 42 என்ற எண்ணை 1997 முதல் எந்த அணியும் புதிய வீரருக்குத் தருவதில்லை. இதனுடன், ஐந்து கறுப்பின வீரர்களோடு தொடங்கிய டெக்சஸ் வெஸ்டர்ன் அணி, 1966ஆம் ஆண்டு மார்ச் 19 அன்று வெள்ளையர் மட்டுமே ஆடிய கென்டக்கியை 72-65 என்று வென்ற கல்லூரிக் கூடைப்பந்து இறுதியாட்டத்தையும் சேர்த்துச் சொல்லலாம்.

அமெரிக்கக் கால்பந்தில் பிட்ஸ்பர்க் அணியின் ஃபிராங்கோ ஹாரிஸ் 1972ஆம் ஆண்டு டிசம்பர் 23 அன்று, யார்மீதோ பட்டுத் தெறித்து வந்த பந்தைத் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பு அள்ளிக்கொண்டு ஓடிய காட்சி, பார்வையாளர்களுக்கு வேலை கொடுக்கும். 22 நொடிகள் மீதம், ஓக்லாண்ட் 7, பிட்ஸ்பர்க் 6. பந்து ஹாரிஸின் தோழர்மீது மட்டும் பட்டிருந்தால் அன்றைய விதிப்படி அந்த ஓட்டம் செல்லாது. எதிரணியினர்மீதும் பட்டிருந்தால் செல்லும். நடுவர்கள் செல்லும் என்றார்கள். ஆட்டம் 13-7 என முடிந்தது. தீர்ப்பைச் சொல்லாமல் காட்சியை நிறுத்தி, வந்திருப்பவர்களைக் கைதூக்கச் சொல்லுங்கள். பட்டது யார்மீது என்று இன்றுவரை எந்தப் பதிவாலும் உறுதிசெய்ய முடியவில்லை.

நடைமுறை சார்ந்த சில செய்திகளும் உண்டு. இணையத்தில் கிடைக்கும் பதிவுகளின் தலைப்பிலேயே முடிவு இருக்கும் என்பதால், திரையை இயக்குமுன் தலைப்பை மறைத்துவிட வேண்டும். பின்னணி இசை சேர்த்த தொகுப்புகளைத் தவிர்த்து, அன்றைய வர்ணனையோடு இருப்பதையே தேர்ந்தெடுங்கள். கஜத்தை மீட்டருக்கு மாற்றிச் சொல்லுங்கள்; அமெரிக்கக் கால்பந்து மைதானத்தின் 100 கஜம் சுமார் 91 மீட்டர். மலையாளம் மட்டும் அறிந்தவர்கள் வந்திருந்தால் விதியை இரு மொழிகளிலும் சொல்லிவிடுங்கள்.

கடைசிக் காட்சியாக 1980ஆம் ஆண்டு பிப்ரவரி 22 அன்று லேக் பிளாசிட் நகரில் நடந்த பனி ஹாக்கி ஆட்டத்தை வைக்கலாம். அது ஒலிம்பிக் ஆட்டமே என்றாலும், அமெரிக்க அணியில் இருந்தவர்கள் பெரும்பாலும் கல்லூரிகளில் ஆடிய இளைஞர்கள். எதிரே நின்றது அதற்கு முந்தைய நான்கு ஒலிம்பிக்குகளிலும் தங்கம் வென்றிருந்த சோவியத் அணி. அதே சோவியத் அணி சில நாட்களுக்கு முன் நியூயார்க்கில் இவர்களை 10-3 என்று தோற்கடித்திருந்ததைப் பலகையில் முதலில் எழுதுங்கள். 10 நிமிடங்கள் மீதம் இருக்கையில் மைக் எருசியோனி அடித்த கோல் அமெரிக்காவுக்கு 4-3 என்ற முன்னிலையைத் தந்தது, அதுவே முடிவாகவும் அமைந்தது. தங்கம் அன்றே கிடைத்துவிட்டது என்று அமெரிக்கர்களில்கூடப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இரண்டு நாள் கழித்துப் பின்லாந்தை 4-2 என்று வென்ற பிறகே அது உறுதியானது.