புல்லுமலை யானைக்கு முதல் வீட்ட வரணும்: மட்டக்களப்பில இருந்து எல்லவுக்கு ஒரு நாள்

ஆடி மாசம் கச்சான் காத்து தொடங்கிட்டா நம்மட ஊரில பேன் காத்தும் சுடும், பின்னேரம் வாவிக்கரையில போய் இருந்தாலும் முகத்தில அனல்தான் அடிக்கும். அந்த நேரம் பாத்துத்தான் வீட்டில ஆராவது பதுளை, எல்ல எண்டு மலைப்பக்கம் ஒருக்கா போய் வருவமா எண்டு தொடங்குவாங்க. தங்கிறதுக்கு லீவும் இல்ல, ரூம் எடுக்கக் காசும் இல்ல, விடிய போய் ராவைக்கு வீட்ட வரேலுமா எண்டு கேட்டா, ஏலும். நான் குடும்பத்தோட வானிலயும் போயிருக்கன், கூட்டாளிமாரோட பஸ்ஸிலயும் போயிருக்கன், அதில பட்டதுகளை வைச்சுத்தான் இதை எழுதுறன்.

முதல் தரம் போனது பெரிய கூத்து. ஒரே நாளில துன்ஹிந்த நீர்வீழ்ச்சி, எல்ல, பண்டாரவளை, நுவரெலியா எல்லாம் பாக்கலாம் எண்டு வான் பிடிச்சுக் குடுத்தவர் சொன்னார், நாங்களும் மண்டையை ஆட்டிட்டு ஏறினம். நுவரெலியாவுக்குப் போய்ச் சேரக்குள்ள பின்னேரம் நாலு மணி, மூடுபனியில ஒண்டும் தெரியல்ல, சின்னவள் சத்தி எடுத்து எடுத்துக் களைச்சுப் படுத்திட்டாள். திரும்பி வரக்குள்ள பெரியபுல்லுமலைக்கு இஞ்சால ஒரு தனியன் யானை நடு ரோட்டில நிக்குது, ராப் பதினொண்டு இருக்கும், லைட்டை அணைச்சுப்போட்டு வானுக்குள்ள மூச்சு விடாம இருந்தம். எவ்வளவு நேரம் நிண்டம் எண்டு தெரியாது, மாமி கந்தசஷ்டி கவசம் முழுக்க ரெண்டு தரம் சொல்லி முடிச்சிட்டா. வீட்ட வர ஒண்டரை மணி.

அண்டைக்குப் படிச்சதுதான் இந்தப் பயணத்துக்கு முழு திறப்பு. எத்தின மணிக்கு வெளிக்கிடுறம் எண்டதை வைச்சு பிளான் பண்ணக் கூடாது, எத்தின மணிக்கு மகாஓயா – புல்லுமலைக் காட்டுத் துண்டைத் தாண்டி வெளிய வரணும் எண்டதை வைச்சுப் பின்னால இருந்து எண்ணிக்கொண்டு வரணும். ஆறு மணிக்குப் பிறகு அந்த ரோட்டில யானைட ராச்சியம். அப்ப பின்னேரம் ஆறு மணிக்கு புல்லுமலை தாண்டணும் எண்டா மகாஓயாவை அஞ்சு மணிக்கு முதல் விடணும், அதுக்கு பிபிலைக்கு நாலு மணிக்கு வரணும், பதுளையை ரெண்டு மணிக்குத் தாண்டணும், எல்லவை ஒண்டேகாலுக்கே விட்டிடணும். கேக்கக் கவலையாத்தான் இருக்கும், ஆனா விடிய மூண்டு மணிக்கு வெளிக்கிட்டா எட்டு மணிக்கு முதல் பதுளையில நிப்பீங்க, மலையில முழுசா அஞ்சு மணித்தியாலம் கிடைக்கும். போகக்குள்ளயும் அந்தக் காட்டை இருட்டிலதானே தாண்டுறம் எண்டு கேப்பீங்க, அதுவும் சரிதான், அதால நான் இப்ப நாலரைக்கு வெளிக்கிட்டு செங்கலடிச் சந்தியில தேத்தண்ணி குடிச்சு, கறுத்தப்பாலம் கரடியனாறு எல்லாம் மெதுவாத் தாண்டி, காட்டுத் துண்டுக்கு வெளிச்சம் வாற நேரத்துக்குத்தான் போறன். மலையில ஒண்டரை மணித்தியாலம் குறையும், குறைஞ்சா குறையட்டும்.

ரோட்டைப் பத்திச் சொல்லணும். நாம பதுளை வீதி எண்டு சொல்றதுதான் ஏ5, செங்கலடியில தொடங்கி மகாஓயா, பதியத்தலாவை, பிபிலை, லுணுகலை, பசறை, பதுளை எண்டு போய், பிறகு வெலிமடை நுவரெலியா எல்லாம் ஏறி பேராதனையில முடியுது. பிபிலை வரைக்கும் பெருசா ஏத்தம் இல்ல, வானில எல்லாரும் நித்திரை கொள்ளலாம். லுணுகலைப் பக்கம் ஏறத் தொடங்கினா மறுகா பசறை வரைக்கும் வளைவுதான், ஒரு பக்கம் மலை ஒரு பக்கம் பள்ளம். தேயிலைத் தோட்டமும் அந்தப் பக்கத்திலதான் கண்ணில படத் தொடங்கும், பிள்ளைகளை எழுப்பி விடுங்க. 2021 மார்ச்சில லுணுகலையில இருந்து வெளிக்கிட்ட பஸ் ஒண்டு பள்ளத்துக்குள்ள போனது இந்த ரோட்டில பசறை 13ம் கட்டையிலதான், அதை நினைச்சுக்கொண்டு ஓடுங்க.

டிரைவர் விஷயம்தான் எனக்கு வாகனத்தை விடப் பெருசு. நம்மட ஊரில ஏத்தம் எண்டா கல்லடிப் பாலம்தான், அதுக்கு மேல ஏறிப் பழக்கமில்லாத ஆக்கள் கன பேர், வயல் ரோட்டில பறக்கிற பொடியன் பசறை இறக்கத்தில பிறேக்கிலயே காலை வைச்சுக்கொண்டு இறங்குவான், பிறேக் சூடாகி கருகின மணம் வரும், அப்படியே விட்டா பிறேக் பிடிக்காம விட்டிடும். ஏறின கியரிலயே இறங்கணும் எண்டதுதான் மலை ரோட்டுக் கணக்கு, ரெண்டாம் கியரில ஏறினா ரெண்டாம் கியரில இறங்கு, எஞ்சினே வாகனத்தை இழுத்துப் பிடிக்கும். ஒடுங்கின இடத்தில ஏறி வாற வாகனத்துக்கு இறங்கிறவர் வழி விடணும், முடக்கில ஹோர்ன் அடிக்கணும். வான் பேசக்குள்ள மலைக்கு ஓடின டிரைவர்தானா எண்டு கேட்டுப் பேசுங்க. நிக்கிற நேரத்துக்குத் தனிக் காசா, டிரைவர்ட சாப்பாடு ஆர் பொறுப்பு, கிலோமீற்றர் கூடினா எவ்வளவு, இதெல்லாம் முதல்லயே கதைச்சு முடிச்சிடணும், இல்லாட்டி ராவு வீட்டு வாசல்ல நிண்டு சண்டை பிடிக்க வரும், எனக்கு வந்திருக்கு.

பஸ்ஸில போறவங்க எல்லவை மறந்திடுங்க. ஏலாது எண்டு இல்ல, ஆனா பதுளையில இறங்கி மாறி ஏறி திரும்பி கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற அவதியில ஒண்டையும் ரசிக்கேலாது. பதுளையோட நிண்டு துன்ஹிந்தவை மட்டும் பாருங்க, டவுனில இருந்து அஞ்சு கிலோமீற்றர் மாதிரி, 64 மீற்றர் உயரத்தில இருந்து தண்ணி விழுந்து புகை மாதிரி எழும்பும், வாசல்ல இருந்து ஒரு கிலோமீற்றருக்கு மேல நடக்கணும். குரங்குக்கு கையில இருக்கிற சொப்பிங் பேக் எல்லாம் சாப்பாடுதான், கவனம். திரும்பிற பஸ் எத்தின மணிக்கு எண்டதை பதுளை ஸ்டாண்டில இறங்கின உடனேயே கேட்டு வையுங்க.

வானில போறவங்களுக்கு என்ட ஒரு ஐடியா இருக்கு, இதுக்காகத்தான் நான் பண்டாரவளை, அப்புத்தளை எல்லாத்தையும் விட்டுட்டு எல்லவைப் பிடிச்சிருக்கன். பதுளை ஸ்டேசனில குடும்பத்தை இறக்கி, மூண்டாம் கிளாஸ் டிக்கட் எடுத்துக் கோச்சியில ஏத்திட்டு, டிரைவரை வானோட றோட்டால எல்ல ஸ்டேசனுக்கு அனுப்பி விடுங்க. கோச்சி ஹாலிஎல, உடுவர, தெமோதர எண்டு ஏறி ஒரு மணித்தியாலம் மாதிரி எடுக்கும், கொழும்பில இருந்து பத்து மணித்தியாலம் குந்திக்கொண்டு வந்து ஆக்கள் பாக்கிற வழியில நல்ல துண்டு ஒண்டை நீங்க ஒரு மணித்தியாலத்தில பாத்திடுவீங்க. தெமோதரையில ரெயில் பாதை ஒரு வட்டம் போட்டுத் தன்ட ஸ்டேசனுக்குக் கீழால குகைக்குள்ள போகுது, உயரத்தைச் சமாளிக்க அப்படிச் செஞ்சிருக்காங்க, பிள்ளைகளுக்கு முதல்லயே சொல்லி வைச்சா யன்னலை விட்டு அசையாதுகள். அதுக்கும் எல்லவுக்கும் நடுவிலதான் ஒன்பது வளைவுப் பாலம், 1921ல கட்டி முடிச்சது, கல்லும் செங்கல்லும் சீமெந்தும்தான், இரும்பு வைக்கல்ல எண்டு சொல்லுவாங்க, 24 மீற்றர் உயரம். பதுளைக்குக் கோச்சி வந்து சேந்தது 1924ல, நம்மட பழைய கல்லடிப் பாலமும் அதே வருஷம்தான், நம்மட ஆக்கள் வாவியில மீன் பாடுறதைக் கேக்கப் பாலத்தில நிண்ட காலத்தில இஞ்ச வெள்ளைக்காரன் தேயிலை ஏத்தப் பாதை போட்டு முடிச்சிட்டான்.

ரெண்டு கவனம். கோச்சி நேரம் மாறும், மழைக்குப் பாதையில மண் விழுந்து நாள்கணக்கா நிக்கிறதும் நடக்கிறது, அதால முதல் நாளே ஸ்டேசனுக்கு எடுத்துக் கேளுங்க, கோச்சி இல்ல எண்டா பேசாம றோட்டால போங்க. மற்றது, வெளிநாட்டுக்காரர் கதவில தொங்கிப் படம் எடுக்கிறதைப் பாத்து நம்மட பொடியன்களும் தொங்கப் பாப்பாங்க, குகைச் சுவரும் மலைப் பாறையும் பெட்டியை உரசிற மாதிரித்தான் வரும், பிடிச்சு உள்ளுக்கு இழுங்க.

எல்லவில இறங்கினா மூண்டு மணித்தியாலம்தான் கையில இருக்கும், ஆசைப்படாம ரெண்டு இடம் பாருங்க. ஒண்டு பாலம், டவுனில இருந்து நடக்கலாம் இல்லாட்டி ஓட்டோவில கிட்ட இறங்கலாம், மழை பெஞ்சிருந்தா நடபாதையில அட்டை இருக்கும். மற்றது குட்டி சிவனொளிபாதமலை, 1,141 மீற்றர், தேயிலைக்குள்ளால நடந்து கடைசியில படி ஏறணும், வயசான ஆக்களும் மெதுவா ஏறுவாங்க, என்ட மாமி ஏறினவ. எல்ல றொக் எண்டு ஒண்டு இருக்கு, அதுக்கு அரை நாள் போகும், நமக்கு இல்ல. ராவணா நீர்வீழ்ச்சி எல்லவில இருந்து வெல்லவாயப் பக்கம் கீழ இறங்கணும், அதை அம்பாறை ஆக்கள் பாக்கட்டும், ஏன் எண்டா அம்பாறை, அக்கரைப்பற்று, பொத்துவில் பக்கத்தில இருந்து வாறவங்களுக்கு சியம்பலாண்டுவ, மொனராகலை, புத்தல, வெல்லவாய எண்டு வந்து அந்த நீர்வீழ்ச்சியைத் தாண்டித்தான் எல்லவுக்கு ஏறணும். பொத்துவிலால வந்தா லகுகலையில யானை, அதால கணக்கு அவங்களுக்கும் அதேதான்.

குளிர் எண்டு பயந்து கம்பளி கட்டிக்கொண்டு போகத் தேவையில்ல. ஆயிரம் மீற்றர் ஏறினா ஆறு ஏழு பாகை குறையும், எல்ல 1,041 மீற்றர், அப்ப நம்மட ஊரில 34 எண்டா அங்க 27 மாதிரி, பகல்ல சேட்டோட நிக்கலாம். ஆனா மேகம் மூடி காத்து அடிச்சா பிள்ளைகளுக்கு நடுங்கும், ஆளுக்கு ஒரு ஜம்பர், ஒரு குடை, காணும். வெயில் சுடல்ல எண்டு தொப்பி இல்லாம நடந்து தோல் கருகி வந்த ஆள் நான், குளிர்ந்த வெயிலை நம்பாதீங்க.

சாப்பாடு கட்டிக்கொண்டு போங்க. எல்லவில கடையெல்லாம் வெள்ளைக்காரருக்கு எண்டு வைச்ச விலை, ஒரு குடும்பம் பகல் சாப்பிட்டா வான் காசில பாதி போயிடும். விடியக் காலமைக்கு இடியப்பமும் கட்டிச் சம்பலும், பகலுக்குப் புளிச்சோறும் அவிச்ச முட்டையும் பொரிச்ச கருவாடும். பிட்டு வேணாம், காஞ்சு தொண்டையில நிக்கும், தேங்காய்ப்பால் சேந்த கறியும் வேணாம், பகலாகக்குள்ள புளிச்சிடும். சத்தி வாற ஆக்கள் முன் சீற்றில, வெறும் வயித்தோடயும் இல்ல வயிறு முட்டவும் இல்ல, கையில ஒரு தேசிக்காயும் இஞ்சித் துண்டும், போனைப் பாக்க விடாதீங்க. பொம்பிளைகளுக்கு டொய்லெட் பிரச்சினை பெரிய பிரச்சினை, ஆம்பிளைகள் இதை நினைக்கிறதே இல்ல, மகாஓயாவிலயும் பிபிலையிலயும் சாப்பாட்டுக் கடையில நிப்பாட்டி எல்லாரையும் கட்டாயம் இறக்குங்க, மலையில ஏறின பிறகு நிப்பாட்ட இடம் கிடைக்காது. பாஷைக்குப் பயப்பிடாதீங்க, லுணுகலை பசறை பதுளை எல்லாம் தோட்டத்து நம்மட ஆக்கள் நிறைய. தெரிஞ்ச வீடு இருந்தா ஒரு முட்டி எருமைத் தயிரும் கொஞ்சம் கருவாடும் கொண்டு போங்க, அதை விடப் பெரிய மரியாதை அங்க இல்ல.

எந்த மாசம் எண்டு கேட்டா மாசியில இருந்து புரட்டாசி வரைக்கும் பாக்கலாம், சித்திரையில பின்னேரம் இடி மழை, புதுவருஷ நேரம் சனமும் கூட. ஐப்பசியில இருந்து தை வரைக்கும் வேணாம், நமக்கு மழை பெய்ற அதே வாடைதான் பதுளைக்கும் மழை, நமக்கு வெள்ளம் வரும், அவங்களுக்கு மலை இறங்கும். கொஸ்லந்தை மீரியபெத்தையில லயன் வீடுகளை மண் மூடினது 2014 ஒக்டோபர் 29ல. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு எச்சரிக்கை விடும், ஒரு நாளில 75 மில்லிமீற்றர் மழைக்கு மஞ்சள், 100க்கு செம்மஞ்சள், 150க்கு சிவப்பு, முதல் நாள் ராவு செய்தியில பதுளை மாவட்டத்துக்கு மஞ்சள் எண்டு போனாலே நான் பயணத்தைத் தள்ளிப் போட்டிடுவன், வான்காரர் கத்தினாலும் சரி. அனர்த்த முகாமைத்துவ நம்பர் 117, அம்புலன்ஸ் 1990, போனில போட்டு வையுங்க.

திரும்பி வரக்குள்ள கரட், லீக்ஸ், கோவா வாங்கணும் எண்டா பதுளை டவுனில பத்து நிமிஷம்தான், விலை பேசி நிண்டா நேரம் போயிடும், பொம்பிளைகளிட்ட முதல்லயே சொல்லி வையுங்க. பிபிலையில தோடம்பழம் றோட்டோரம் குவிச்சு வைச்சிருப்பாங்க, பச்சையா இருந்தாலும் இனிக்கும், வாங்குங்க, ஆனா மகாஓயா தாண்டக்குள்ள பழம் மரக்கறி எல்லாத்தையும் பையில கட்டி சீற்றுக்குக் கீழ வைச்சு கண்ணாடியை ஏத்திடுங்க. றோட்டோரம் நிக்கிற யானைக்குப் பழம் எறியிற ஆக்களால அதுகள் வாகனத்தைக் கண்டாக் கிட்ட வரப் பழகிட்டுதுகள். முன்னால யானை நிண்டா தள்ளி நிப்பாட்டி, எஞ்சினை ஓட விட்டு, ஹோர்ன் அடிக்காம பொறுங்க, பின்னால வாற லொறிக்காரருக்குத்தான் அந்த ரோட்டு யானைட குணம் தெரியும், அவர் எடுத்தா நீங்களும் எடுங்க. கரடியனாறு வந்திட்டா கண்ணாடியை இறக்கலாம், அனல் காத்து திரும்ப முகத்தில அடிக்கும்.