மண்பாண்டமும் கண்ணாடிப் பொருளும் செய்யப் படிக்கப் போகிறீர்களா?

சேரும் முன்பே கேளுங்கள்: மாணவருக்குச் சூளையில் எத்தனை நாளுக்கு ஒருமுறை இடம் கிடைக்கும்? கட்டடத்தைவிட அதுதான் முக்கியம்.

முதல் வாரமே ஒரு நோட்டு போடுங்கள். எந்த மண், எந்தக் கிளேஸ் (பானைமேல் பூசும் கண்ணாடிப் பூச்சு), சூளை எத்தனை டிகிரி வரை போனது, எல்லாவற்றையும் எழுதுங்கள். நான் முதல் ஆண்டு எழுதவில்லை. பாசி படிந்த மாதிரி ஒரு பச்சை வந்தது. திரும்ப வரவழைக்கவே முடியவில்லை.

அப்புறம், பிசைந்த மண்கட்டியைக் கம்பியால் அறுத்துப் பாருங்கள். ஊசிமுனை ஓட்டை தெரிந்தாலும் மறுபடி பிசையுங்கள். சக்கரத்தில் அந்தக் குமிழ் விரலை இடறி, சுவரைக் கோணலாக்கிவிடும். சூளையில் பானை வெடிக்கப் பெரும்பாலும் ஈரம்தான் காரணம். கன்னத்தில் வைத்துப் பாருங்கள், சில்லென்றிருந்தால் இன்னும் காயவில்லை. 573 டிகிரியில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் என்ற படிகம் சட்டென்று விரியும், ஆறும்போது அங்கேயே சுருங்கும். அந்த இடத்தைச் சூளை நிதானமாகக் கடக்கட்டும்.

கண்ணாடியில், உருகிய கண்ணாடியை நுனியில் எடுத்து ஊதும் குழலைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், நிறுத்தினால் கண்ணாடி தொங்கிவிடும். முடித்ததை 500 டிகிரி அளவில் அடுப்பில் வைத்து மணிக்கணக்கில் ஆறவிடுங்கள். அவசரப்பட்டால் மறுநாள்கூட விரிசல் விடும்.

பட்டறையை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கவே வேண்டாம், ஈரத்துணியால் துடையுங்கள். காய்ந்த மண்ணிலிருந்து கிளம்பும் சிலிக்கா தூசி நுரையீரலுக்கு ஆகாது.