உப்பைத் தாங்கும் நெல்லைத் தொட்டியிலேயே கண்டுபிடிப்பது எப்படி?

மரபணு மாற்றிய நெல் வரிசைகள் இருபது, முப்பது கையில் இருக்கின்றன. எது உப்பைத் தாங்கும்? முதலில் சலித்தெடுக்க வயல் வேண்டாம்; பிளாஸ்டிக் தொட்டியும் தெர்மோகோல் அட்டையும் போதும். ஆனால் நிறுவன உயிரிப் பாதுகாப்புக் குழுவின் அனுமதி வேண்டும், வேலை முழுக்க மூடிய பசுமைக்குடிலுக்குள் நடக்க வேண்டும்.

1. மரபணு இருக்கிறதா?
உங்கள் செடிகளில் ஹைக்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைத் தாங்கும் மரபணுவும் கூடவே செருகப்பட்டிருந்தால் வேலை சுலபம். உமி நீக்கிக் கிருமி நீக்கிய விதைகளை, லிட்டருக்கு 50 மில்லிகிராம் ஹைக்ரோமைசின் கலந்த அகார் கூழில் முளைக்க விடுங்கள். 40 விதையில் 30 அளவில் பிழைத்தால், அதாவது 3:1, மரபணு ஒரே இடத்தில் நுழைந்திருக்கலாம். பிழைத்தவற்றைத் தனித்தனியாக அறுவடை செய்யுங்கள். எந்தச் செடியின் விதைகள் அடுத்த முறை ஒன்றுவிடாமல் பிழைக்கின்றனவோ, அதுதான் தூய வரிசை.

2. உடன்பிறப்பைத் தேடுங்கள்
புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். சாதாரண நெல்லோடு மட்டும் ஒப்பிட்டுவிட்டு "மரபணு வேலை செய்கிறது" என்று குதிப்பார்கள். மரபணுவைச் செருகும்போது செய்யும் திசு வளர்ப்பே செடியில் மாற்றங்களை உண்டாக்கும். நீங்கள் பார்த்தது அதுவாகவும் இருக்கலாம். எனவே அதே தாய்ச்செடியின் விதையில் மரபணு பிரிந்துபோனவற்றையும் வளர்க்க வேண்டும். மருந்தில் இவை செத்துவிடும் அல்லவா? அதனால் கொஞ்சம் விதையை மருந்தில்லாமல் முளைக்க வைத்து, இலையிலிருந்து டிஎன்ஏ எடுத்து, பிசிஆர் (குறிப்பிட்ட டிஎன்ஏ துண்டைப் பெருக்கிப் பார்க்கும் சோதனை) செய்து, மரபணுவுக்கான பட்டை வராத செடிகளைப் பிரித்து வையுங்கள்.

3. உப்பு
யோஷிடா கரைசல் என்ற, நெல்லுக்கான ஊட்டக் கரைசலில், வலை ஒட்டிய அட்டைத் துளைகளில் நாற்றுகளை மிதக்க விடுங்கள். ஒப்பிட, உப்பைத் தாங்கும் பொக்காலி, தாங்காத ஐஆர்29 ஆகிய நெல் ரகங்கள் இரண்டும் அதே தொட்டியில் இருக்கட்டும். நாற்று வேர்பிடித்ததும் கரைசலின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 6 டெசிசீமென்ஸ் வரும்வரை உப்பு, மூன்று நாள் கழித்து 12. கரைசலின் அமிலத்தன்மை (pH) தினமும் 5-இல் நிற்க வேண்டும். அலுப்பான வேலைதான், விட்டால் இலை மஞ்சளாகி, உப்பின் பாதிப்பு எது என்றே தெரியாது.

4. மதிப்பெண்
உப்பிட்ட 10-ஆம் நாளும் 16-ஆம் நாளும் 1 முதல் 9 வரை மதிப்பெண்: 1 என்றால் வழக்கமான வளர்ச்சி, 5 என்றால் பெரும்பாலான இலைகள் சுருண்டவை, 9 என்றால் ஏறக்குறைய செத்தவை. எது எந்த வரிசை என்று தெரியாத ஒருவர் போடட்டும். ஐஆர்29 நன்றாக இருந்தால் அந்தத் தொட்டியையே கணக்கில் எடுக்காதீர்கள்.

தேறியவற்றின் தண்டு, இலையில் சோடியம், பொட்டாசியம் அளவையும் சுடர் ஒளிமானியில் (சுடரின் ஒளியை வைத்து உலோக அளவைக் காட்டும் கருவி) பாருங்கள். அப்புறம் பூக்கும் பருவத்தில் மறுபடி உப்பு கொடுக்க வேண்டும்: நாற்றில் தாங்கிய நெல் அப்போது பதராகப் போவதுண்டு.