பெர்லினில் தனியாக, வீகனாக: சாப்பாட்டுக்கு வழி

பெர்லினில் வீகன் சாப்பாட்டுக்கு, அதாவது பால், முட்டை, தேன் என விலங்கிலிருந்து வரும் எதுவும் சேராத சாப்பாட்டுக்கு, பஞ்சமில்லை. சறுக்குவது சின்னச் சின்ன இடங்களில்தான். ஃபலாஃபெல் கடையையே எடுத்துக்கொள்ளுங்கள். ரொட்டிக்குள் வைத்துத் தரும் பொரித்த உருண்டை கொண்டைக்கடலைதான், ஆனால் மேலே ஊற்றும் பூண்டு சாஸ் பெரும்பாலும் தயிரில் செய்தது. ரொட்டியைப் பிளந்த மறுநொடி கடைக்காரர் கை சாஸுக்குப் போய்விடும். அதற்குள் "நூர் ஸேஸாம்ஸோஸே, பிட்டே" என்று சொல்லிவிடுங்கள். எள் சாஸ் மட்டும் போதும் என்று பொருள்.

பாக்கெட் உணவின் பொருட்பட்டியலில், ஜெர்மன் மொழியில், பாலுக்கு 'மில்ஷ்', முட்டைக்கு 'ஐ'. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி 14 ஒவ்வாமைப் பொருட்களைப் பட்டியலில் எடுப்பாகக் காட்ட வேண்டும். இவை இரண்டும் அதில் அடக்கம். பெரும்பாலும் தடித்த எழுத்தில் இருக்கும். தேனும் (ஹோனிக்), விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டினும் அந்த 14-இல் இல்லை. தடித்த எழுத்தை மட்டும் மேய்ந்தால் அவை நழுவிவிடும்.

ஞாயிறன்று பெரும்பாலான சூப்பர்மார்க்கெட்டுகள் மூடியிருக்கும். சனிக்கிழமையே ரொட்டி, ஹம்முஸ் (கொண்டைக்கடலை மசியல்), பழம் வாங்கி வையுங்கள். மறந்துவிட்டால் ஹாப்ட்பான்ஹோஃப் என்னும் மத்திய ரயில் நிலையத்துக்குள் ஞாயிறன்றும் திறந்திருக்கும் கடை உண்டு.

கையில் கொஞ்சம் ரொக்கம் இருக்கட்டும். சிறு கடைகள் சிலவற்றில் கார்டு எடுபடாது. காலி பிளாஸ்டிக் பாட்டிலை எறியாதீர்கள். சூப்பர்மார்க்கெட் இயந்திரத்தில் போட்டால், வாங்கும்போது கட்டிய முன்பணம், பெரும்பாலும் 25 சென்ட், திரும்பக் கிடைக்கும்.