காரின் அடிவயிற்றைக் கல்லிடமிருந்து காப்பது

மட்டக்களப்பின் ஆரையம்பதியிலிருந்து மண்முனைப் பாலம் தாண்டிக் கொக்கட்டிச்சோலை வரை கவலையில்லை. அங்கிருந்து வயல்களுக்குள் பிரியும் கிரவல் பாதைகளில்தான் காருக்குச் சோதனை. நான் படிப்பிக்கும் பாடசாலை அப்படியொரு பாதையின் முடிவில் இருக்கிறது. என் சிறிய ஜப்பான் காரின் மிகத் தாழ்ந்த இடத்துக்கும் தரைக்கும் 14 சென்ரிமீற்றர்தான்.

ஒரு மாரியில், பாதையின் நடுமேட்டில் புதைந்திருந்த கருங்கல் ஒயில் சம்பை, அதாவது எஞ்சினுக்கு அடியில் ஒயில் தங்கும் தொட்டியை, கிழித்தது. சிவப்பு ஒயில் விளக்கு எரிந்தது. பாடசாலைக் கூரை தெரிகிறதே என்று ஓட்டிப் போனேன். சம்போடு முடிந்திருக்க வேண்டிய செலவு எஞ்சின் வரை ஏறியது.

அதன்பிறகுதான் காருக்குக் கீழே பார்க்கும் பழக்கம் வந்தது. ஜாக்கில் மட்டும் நிற்கும் காருக்கடியில் ஒருபோதும் நுழையாதீர்கள். கைத்தொலைபேசியில் வீடியோவை ஓடவிட்டு, விளக்கையும் எரியவிட்டு, முன் பம்பருக்குக் கீழே தள்ளி இழுத்தால் வேண்டியதெல்லாம் தெரியும். பல ஜப்பான் கார்களில் எஞ்சினுக்கு அடியில் கறுப்புப் பிளாஸ்டிக் கவர் இருக்கும். அதைத் தாங்குபவை சட்டைப் பொத்தான் அளவான கிளிப்புகள். ஒவ்வொரு ஒயில் மாற்றத்திலும் ஒன்றிரண்டு தொலையும். என் காரில் 11 இருக்க வேண்டிய இடத்தில் 4 மிஞ்சியிருந்தன. முன்விளிம்பில் கிளிப் இல்லையென்றால் ஓட்டத்தில் காற்றுப் புகுந்து, கவர் தோணிப்பாய்போல் புடைத்து, தரையில் உரசிக் கிழியும். இப்போது ஒரு பை கிளிப் காரிலேயே கிடக்கிறது. சேர்விஸ் முடிந்ததும் குனிந்து எண்ணுகிறேன். மெக்கானிக் சிரிக்கிறார், சிரிக்கட்டும்.

பிளாஸ்டிக் கவர் சேற்றையும் பொடிக்கல்லையும் தடுக்கும், கருங்கல்லைத் தடுக்காது. அதற்கு இரும்புத் தகடு வேண்டும். சிறிய காருக்கு 2 மில்லிமீற்றர் தடிப்புப் போதும். தடிப்பு கூடினால் பாரமும் கூடும், முன்பக்கம் இன்னும் தாழும். தகட்டைக் காரின் சட்டத்தில்தான் பூட்ட வேண்டும், சம்பிலோ கியர்பெட்டியிலோ அல்ல. தகட்டுக்கும் சம்புக்கும் இடையே இரண்டு விரலாவது நுழைய வேண்டும்; ஒட்டி நின்றால் தகடு நெளிந்த கணமே அடி நேரே சம்பில் இறங்கும். ஒயில் வடிக்கும் ஆணிக்கு நேரே ஒரு துளையும், சூடு வெளியேற வேறு துளைகளும் கேட்டு வாங்குங்கள்.

தகடு போட்டவர்களுக்கு மாசி, பங்குனியில் இன்னொரு வேலை உண்டு. பெரும்போக அறுவடை முடிந்த பாதையில் சிதறிய வைக்கோல் தகட்டின் மேல் போய் அடையும். ஒருநாள் கைவிட்டு இழுத்தபோது காகக்கூடுபோல் ஒரு பந்து வந்தது. புகைக்குழாய்ப் பக்கம் இருந்த பாதி பழுப்பேறிக் கருகியிருந்தது. அந்த மாதங்களில் கார் ஆறியபின் வாரத்துக்கு ஒருமுறை கைவிட்டுப் பார்த்துவிடுவேன்.

கல் தெறித்துப் பெயின்ற் உரிந்த இடத்தில் கடற்காற்றின் உப்பு வேலையைத் தொடங்கிவிடும். காரின் அடியில் பூச்சு அடிக்க, வறண்ட கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களே நல்லவை. கழுவி, இரண்டு நாள் காயவிட்டு, துருவைக் கம்பித் தூரிகையால் சுரண்டி, துருத்தடுப்புப் பிரைமர் அடித்தபின் ரப்பர் பூச்சு. ஈரத்தின் மேல் அடித்தால் துருவுக்குப் போர்வை போர்த்தியதாகிவிடும். புகைக்குழாய், பிரேக், கதவடியில் உள்ள நீர்வடி துளைகள் ஆகியவற்றில் பூச்சுப் படக்கூடாது. சிலர் கழிவு ஒயிலைப் பூசச் சொல்வார்கள். கேட்காதீர்கள். ரப்பர் புஷ் ஊதிப்போகும், மணலும் அப்பிக்கொள்ளும்.

ஓட்டும்போது, உழவு இயந்திரத் தடங்கள் ஆழமாக இருந்தால் இரண்டு தடத்திலும் சக்கரத்தை இறக்க வேண்டாம். ஒரு பக்கச் சக்கரம் நடுமேட்டிலும் மறுபக்கச் சக்கரம் பாதையோரத்திலும் மெதுவாகப் போகட்டும். மணல் லொறிக்குப் பின்னால் ஒட்டிப் போகாதீர்கள். ஐந்து பேரும் இரண்டு நெல்மூட்டையும் ஏறினால் அந்த 14 சென்ரிமீற்றரும் இருக்காது.

அடிபட்ட சத்தம் கேட்டால் ஓரமாக நிறுத்திப் பாருங்கள். ஒயில் விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே எஞ்சினை நிறுத்துங்கள். கீழே சொட்டுவது கறுப்போ பழுப்போ என்றால் பெரும்பாலும் எஞ்சின் ஒயில். சிவப்பென்றால் கியர் ஒயிலாக இருக்கலாம். பச்சையோ இளஞ்சிவப்போ என்றால் ரேடியேற்றர் நீர். இவற்றில் எது சொட்டினாலும் இழுத்துப் போக ஆள் கூப்பிடுங்கள். நிறமும் மணமும் பிசுபிசுப்பும் இல்லாத வெறும் நீரென்றால் அது ஏசியில் வடிவது.